கூரையில்லாத ஞாயிறுகள்

"அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணியும் இல்லீங்க."

"ஒண்ணியும் இல்லாத ஊர்ல எட்டு வருசமா இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"இறாலு."

தேவயானி சிரித்துவிட்டாள். மறைக்கத் துப்பட்டா நுனியை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதிச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. நகரிக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக் கொல்லையில், மோட்டார் ரூமுக்கு வெளியே, பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் மனசு வைத்துக் கொடுத்த பத்து நிமிடம் அது. அந்த நாலு வரிக்கு மேல் பேச்சு வளரவில்லை. மீதி நேரம் முழுக்க ஹேமநாத் குழாயிலிருந்து தொட்டிக்குள் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியம் சாப்பிட்டு முடித்து ஒற்றைத் தட்டைக் கழுவும்போதெல்லாம் அவனுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரும். 'ஒண்ணியும் இல்ல' என்று ஏன் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொள்வான். வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னது, அவள் வாய்வழியே அவள் அம்மா அம்சவேணிக்குப் போய், அங்கிருந்து பெரியவர்கள் சபைக்குப் போய், முடிவாகவே ஆகிவிட்டது. ஒன்றும் இல்லாத ஊரில் பெண் போய் என்ன செய்யும்? வடமாலபேட்டையில் மாமியாரோடு இருக்கட்டும். மாப்பிள்ளை மாதத்துக்கு இரண்டு தடவை வந்துவிட்டுப் போகட்டும். இருபது பேர் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான்.

ஊரின் பெயர் கொங்கதிப்பை. நாயுடுபேட்டையிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர் வந்தால் நெல்வயல் முடிந்து இறால் குட்டைகள் வரும், குட்டைகள் முடிந்து சவுக்குத் தோப்பு வரும். தோப்பைத் தாண்டியதும் தரை இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டே போய், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் தூரம் மணல் நாக்காக நீளும். இடது பக்கம் கடல், வலது பக்கம் ஏரி, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற தார் ரோடு. அந்த நாக்கின் தொடக்கத்தில்தான் அவன் வேலை பார்க்கும் ஹேச்சரி, இறால் குஞ்சு பொரிக்கிற இடம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். தூசிக்குக் கண் முளைத்த மாதிரி குஞ்சுகள் துடித்துக்கொண்டிருக்கும். துடித்தால் சரி. அடங்கிப்போயிருந்தால் ஓட வேண்டும்.

ஹேச்சரியிலிருந்து நடக்கிற தூரத்தில் மீனவர் தெருவின் கடைசியில் வாடகைக்கு ஒரு அறையும் சமையலறையும் எடுத்திருந்தான். காலையில் ஒரே தடவையாக வடித்து இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்வான். தொட்டிகளோடு பேச்சுக்கு வேலையில்லை. கூட வேலை பார்க்கும் முனிகிருஷ்ணன் பம்ப் ஷெட்டில் இருப்பார், மோட்டார் சத்தத்தில் அவரிடம் கையால்தான் பேச வேண்டும். சில நாள் மத்தியானம் வரைக்கும் தன் குரலைத் தானே கேட்டிருக்க மாட்டான். யாராவது போனில் கூப்பிட்டால் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டு கரகரவென்று வரும். "இன்னாடா, ஜலதோஷமா?" என்று அம்மா ஸ்ரீதேவி கேட்பாள். "ஆமா" என்று சொல்லிவிடுவான். அதுதான் சுலபம்.

வைகாசியில் கல்யாணம் ஆனது. வடமாலபேட்டை வீட்டில் பதினாறு நாள் தேவயானியோடு இருந்தான். பதினேழாவது நாள் ஆஷாடம் பிறந்துவிட்டது.

இங்கேதான் ஹேமநாத்தின் இரண்டாவது தப்பு. அவன் அம்மா நாயுடுபேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரி. வீட்டில் தமிழ் பேசினாலும் பண்டிகை, நாள், நட்சத்திரம் எல்லாம் அவள் கொண்டுவந்த தெலுங்குப் பஞ்சாங்கம்தான். தேவயானி வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பஞ்சாங்கம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அந்த ஒரு மாதம் ஒரே கூரையின் கீழே இருக்கக் கூடாது என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கருத்து. ஆனால் இவர்களுக்கு அது ஆஷாடம், அவர்களுக்கு அது ஆடி. ஒன்று முடிகிற சமயத்தில்தான் மற்றது தொடங்கியிருக்கும். நிச்சயதார்த்தத்தன்று தேவயானியின் அப்பா ஆதிநாராயணன் இதை நேராகவே கேட்டார்.

"மாப்ள, உங்க கணக்கா, எங்க கணக்கா? எது வச்சிக்கலாம் சொல்லுங்க."

ஒன்றைச் சொன்னால் இன்னொருவர் மனம் கோணுமே என்று பயந்து, "எது வேணா வச்சிக்கலாம் மாமா" என்றான்.

இரண்டு சம்பந்தியம்மாள்களும் அதைத் தங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆஷாடம் பிறந்ததும் ஸ்ரீதேவி, மருமகளைப் பூவும் புடவையும் வைத்து நகரிக்கு அனுப்பினாள். ஆஷாடம் முடிந்த மறுநாள், "போயி கூட்டியார்ரா, அயிப்போயிந்தி, மாசம் முடிஞ்சிது" என்று மகனுக்குப் போன் செய்தாள். அவன் லீவு சொல்லிவிட்டு நகரிக்குப் போய் நின்றால், அம்சவேணி சொம்பில் தண்ணீர் கொடுத்தபடி, "எங்களுக்கு ஆடி பொறந்து எட்டு நாளுதான் ஆவுது மாப்ள. நீங்கதான எது வேணா வச்சிக்கலாம்னீங்க" என்றாள். ஆடி முழுக்க முடித்துத்தான் அனுப்புவார்களாம். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். அவன் இருந்த வரைக்கும் தேவயானி உள்ளே இருந்து வரவில்லை. வரக் கூடாது என்று வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"இன்னாங்க, ஒரே கூரைக்கு அடியிலதான இருக்கக் கூடாது?"

"ஆமா."

"கடலுக்குக் கூரை இருக்குதா?"

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது.

"ஞாயித்துக்கிழம வர்றேன். புத்தூர்ல ஏறி, காளாஸ்திரில மாறி, நாயுடுபேட்டைல எறங்கறேன். இருட்டறதுக்குள்ள எங்கம்மா கண்ணு முன்னால நிப்பேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. ஆனா ரூலு போட்டுருக்காங்க. கார்ல கூட்டிக்கினு போவக் கூடாதாம், அதுக்கும் கூரை இருக்குதாம். பைக்குதான்."

"ஹெல்மெட்டு?"

"அதையும் கேட்டேன். 'அது ஆளுக்கு ஒண்ணுதானடி, பரவால்ல'ன்னாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு, தொண்டை கரகரக்காமல் பேசியிருக்கிறோம் என்று ஹேமநாத்துக்குத் தோன்றியது.

ஆடி முடிய மூன்று ஞாயிறுகள் இருந்தன. அந்த மூன்றுக்குள் ஒரு விஷயத்தை அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று அவன் தீர்மானம் செய்துகொண்டான். வடமாலபேட்டை வேண்டாம், இங்கே வந்து என்னோடு இரு என்பதுதான் அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நெஞ்சுக்குள் உட்கார்ந்திருப்பது. நேராகக் கேட்கத் தைரியம் இல்லாத மனிதன் சுற்றி வளைத்து ஒரு வழி கண்டுபிடித்தான். இடத்தைக் காட்டுவோம். பிடித்துப்போனால் அவளே கேட்பாள்.

ஆனால் ஆடி மாதம் கொங்கதிப்பைக்கு அழகான மாதம் இல்லை. குளிர்காலமாக இருந்தால் ஏரி நிறையப் பூநாரைகள் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ புடவையை அலசி விரித்துப் போட்ட மாதிரி தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாகத் தெரியும். இப்போது ஏரி பாதி வற்றி, விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று மணலை வாரிக்கொண்டு வந்து கணுக்காலில் ஊசியாகக் குத்தியது.

முதல் ஞாயிறு, அவன் காட்ட நினைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் காட்டினான். சவுக்குத் தோப்புக்குப் பின்னாலிருக்கும் கடற்கரையில் படகுகள் வந்து சேருகிற நேரம். வலையிலிருந்து மீனைப் பிரிக்கிற பெண்கள், "ஹேச்சரி சாருக்கு வாய் இருக்குதா, சிரிக்கறாரே" என்று தெலுங்கில் கிண்டல் செய்தார்கள். ஊதா அடப்பங்கொடிப் பூக்கள் படர்ந்து கிடந்த மணல்மேட்டைக் காட்டினான். சிவப்பு நண்டுகள் ஒரே சமயத்தில் வளைக்குள் ஓடி மறைவதைக் காட்டினான். "இது நல்லாருக்கும்", "இங்க நின்னா காத்து வரும்", "அங்க நிக்காத, முள்ளு" என்று கைடு மாதிரி பேசிக்கொண்டே போனான். தேவயானி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை ஓரமாகவே நடந்தாள். கால் சராய் முழங்கால் வரை நனைந்துவிட்டது.

மதியம் சவுக்கு நிழலில் உட்கார்ந்தார்கள். அவள் பாட்டிலில் கேழ்வரகுக் கூழும், டப்பாவில் கருவாட்டுக் குழம்பும், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயமும் கொண்டுவந்திருந்தாள்.

"மரத்தடி கூரையாவாது இல்ல?" என்று மேலே அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"எல இடுக்குல வானம் தெரியுது. ஆவாது."

"சரி, துன்னுங்க."

கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது தெருவுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். பைக்கிலேயே மெதுவாகப் போனார்கள். அவன் வீட்டைக் காட்டினான். பூட்டிய கதவு, வெளியே ஒரு கொடிக் கயிறு, அதில் ஒரு சட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு. தேவயானி இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்து அந்தக் கொடியைப் பார்த்தாள்.

"எல்லாமே ஒண்ணு ஒண்ணாதான் இருக்குது" என்றாள்.

அவன் வண்டியைத் திருப்பினான். நாயுடுபேட்டையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நாற்பது கிலோமீட்டரும் தனியாகத் திரும்பி வரும்போது, வண்டியின் பின்பக்கம் லேசாகிப்போனது கைக்குத் தெரிந்தது. அந்த வாரம் நாலு நாள் அவன் வீட்டுக்குள் சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"இன்னாப்பா, பொண்டாட்டி வந்து போனதுலர்ந்து நீ தொட்டியப் பாக்கறியா, ரோட்டப் பாக்கறியா?" என்று முனிகிருஷ்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். "கூட்டியாந்து வச்சிக்கோயேன் இங்கயே."

"பெரியவங்க வேற மாதிரி பேசி வச்சிருக்காங்கண்ணா."

"நீ பேசினியா?"

அவன் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டு மோட்டாரைப் போடப் போய்விட்டார்.

இரண்டாவது ஞாயிறு ஏரிக்கரை ரோட்டில் போனார்கள். வடக்கே வளைந்து போகிற அந்த ரோட்டின் ஓரத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. மூன்று ஊருக்கும் அது ஒன்றுதான். எதிரே டீக்கடை. தேவயானி அங்கே டீ வேண்டும் என்றாள். கடைக்குக் கூரை இருந்ததால் அவன் வெளியே வெயிலில் நின்றும், அவள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தும் குடித்தார்கள். கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளோடு தேவயானி தெலுங்கில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "இந்த ஸ்கூல்ல கணக்கு சார் போயி ஒரு வருசம் ஆச்சாம். பி.டி. மாஸ்டருதான் கணக்கு நடத்தறாராம்" என்றாள்.

தேவயானி கணக்கு டீச்சர். கல்யாணத்துக்காகத்தான் நகரியில் பார்த்த வேலையை விட்டிருந்தாள்.

இங்கேயே சேர்ந்துவிடேன் என்று ஹேமநாத் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு. "சின்ன ஸ்கூலு இது. டாய்லெட்டு கூடச் சரியா இருக்காது."

அவள் பள்ளிக்கூடத்தின் மூடிய கேட்டையே பார்த்தாள். பிறகு, "திருப்பதில ஒரு பெரிய ஸ்கூல்ல கூப்ட்டுருக்காங்க. அத்ததான் யார்கிட்டயோ சொல்லி வச்சிருந்தாங்க. ஆடி முடிஞ்சதும் சேரணுமாம். வடமாலபேட்டைலர்ந்தே பஸ்ல போய்ட்டு வரலாம். அடுத்த திங்கக்கிழம பதில் சொல்லணும்" என்றாள்.

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். மோட்டார் ரூமுக்கு வெளியே பார்த்த அதே பார்வை.

எல்லாம் கேட்டுவிடலாம் என்ற இடத்துக்கு வந்து நின்றது பேச்சு. ஆனால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நல்ல வேலையை, உப்புக்காற்றுக்கும் தன் ஒற்றைத் தட்டுக்கும் ஈடாக விடச் சொல்ல நான் யார் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. எம்.எஸ்சி., பி.எட். படித்தவள். இங்கே மாதத்தில் பத்து நாள் கரண்ட் இருக்காது.

"நல்ல ஸ்கூல்தான்" என்றான். "உனக்கு எது சரின்னு படுதோ அது செய்."

அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரியின் அந்தக் கரையிலிருந்து சாம்பல் நிறத்தில் திரை மாதிரி வந்து மேலே விழுந்தது. ரோட்டோரம் இருந்தது ஒரே ஒரு பஸ் நிழற்குடை. அவன் வண்டியை நிறுத்தி அவளை உள்ளே போகச் சொன்னான். தான் வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாங்க. யாரு பாக்கறாங்க?"

"உங்கம்மாகிட்ட ஒத்துக்கினு வந்துருக்கோம்ல."

"நனைஞ்சிக்கினே நிப்பீங்களா?"

"பரவால்ல."

அரை மணி நேரம் மழை பெய்தது. உள்ளே அவள், வெளியே நாலடி தூரத்தில் அவன். அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு, முதல் ஞாயிறாக இருந்தால், அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்று சுவரில் சாய்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். மழைக்கு நடுவே நாலடி தூரத்தில் ஒரு ஆள் இருந்தும் இவ்வளவு தனியாக நிற்க முடியும் என்று ஹேமநாத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டு வருஷத் தனிமை பழகிப்போன செருப்பு மாதிரி. இது புதிது. கடித்தது.

அந்த வாரம் அவள் போன் செய்யவில்லை. அவன் மூன்று தடவை செய்தான். "சாப்ட்டியா?" "ஆச்சு." "மழையா அங்க?" "இல்ல." அவ்வளவுதான். மூன்றாவது ஞாயிறு அவள் வருவாளா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. நாயுடுபேட்டை பஸ் ஸ்டாண்டில் முதலில் வந்த இரண்டு பஸ்ஸிலும் இல்லாமல் மூன்றாவதிலிருந்து இறங்கினாள். கையில் சாப்பாட்டுப் பை இல்லை.

"எங்க போலாம்?" என்று கேட்டான்.

"எது வேணா" என்றாள்.

மணல் நாக்கின் நுனி வரைக்கும் போகலாம் என்று அவன் முன்பே நினைத்து வைத்திருந்தான். தார் ரோடு நாலு கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கப்புறம் அலை வந்து இறுக்கிவிட்டுப் போன ஈர மணலின் மேலேதான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இறங்கியிருக்கிற நேரம் பார்த்துப் போய், ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இடது பக்கம் கடல் இரைந்தது. வலது பக்கம் ஏரி சத்தமில்லாமல் கிடந்தது. போகப் போக நடுவிலிருக்கும் தரை ஒரு தெருவின் அகலமாகி, ஒரு களத்தின் அகலமாகி, கடைசியில் இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் முகத்துவாரத்தில் போய் நின்றுவிட்டது.

அங்கே பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை. அறுந்த வலையின் மிதவைகள் இரண்டு, வெளுத்துப்போன ஒரு மரக்கட்டை, காற்று. ஏரித் தண்ணீர் கடலுக்குள் போகிற இடத்தில் மட்டும் பழுப்பும் பச்சையுமாக ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்தது. தேவயானி அந்தக் கோட்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். அவன் இன்று கைடு வேலை பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றான்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்வீங்களா?"

"கேளு."

"எதுக்கு என்ன வாரா வாரம் இங்கல்லாம் சுத்திக் காட்டினீங்க?"

"பாக்கட்டுமேன்னுதான்."

"பாத்துட்டேன். அப்பால?"

அவன் காலால் மணலைத் தள்ளினான்.

"நாளைக்கு அந்த ஸ்கூலுக்கு நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

"உனக்கு எது..."

"நிறுத்துங்க." அவள் சட்டென்று திரும்பினாள். காற்றில் முடி முகமெல்லாம் அடித்தது. அதை ஒதுக்கக்கூட இல்லை. "எது வேணா, எது வேணா. அப்டி சொல்லித்தான ரெண்டு மாசத்தையும் சேத்து தலைல கட்டிக்கினீங்க? எங்கம்மாவ நான் குத்தம் சொல்லல, உங்கம்மாவையும் சொல்லல. கேட்டாங்க. நீங்க வாயத் தொறக்கல. பதினாறு நாளு உங்ககூட இருந்தேன். காப்பில சக்கர போதுமான்னு கேட்டா கூட 'எது வேணா'ன்னீங்க. எனக்கு எப்டித் தெரியும், உங்களுக்கு இன்னா வேணும்னு? உங்களுக்கு நான் வேணுமான்னே எனக்குத் தெரியல."

கடைசி வரியில் குரல் உடைந்தது. அதை அவன் பார்க்கக் கூடாது என்பது போல வேகமாக வண்டியை நோக்கி நடந்தாள்.

தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. ஹேமநாத் பின்னாலேயே ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான். நூறு அடி போயிருப்பார்கள். அலைக்குப் பயந்து சற்று மேட்டுப்பக்கம் ஒதுக்கியதும் பின்சக்கரம் பொடிமணலுக்குள் இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்னும் உள்ளே போனது. தேவயானி இறங்கிவிட்டாள். அவனும் இறங்கினான். சக்கரம் பாதி மறைந்திருந்தது.

"நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

"எப்டிப் பாத்துக்குவீங்க? ஹேண்டில புடிங்க" என்றாள் அவள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் போய் இரண்டு கையையும் சீட்டுக் கம்பியில் கொடுத்தாள். "ம்... தள்றேன்."

அவன் ஹேண்டிலைப் பிடித்து, ஆக்சிலேட்டரைத் திருகியபடி முன்னால் இழுத்தான். அவள் தள்ளினாள். சக்கரம் அவள் மேல் மணலை வாரி அடித்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடியும் புதைந்தது. "இன்னொரு தடவ" என்றாள். முகமெல்லாம் மணல். அழுத கண்ணோடு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்தில் இந்த மணலில் எத்தனையோ தடவை அவன் வண்டி புதைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தனியாகவே கையால் தோண்டி எடுத்திருக்கிறான், பின்னால் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்காமல். இன்று பின்னாலிருந்து வந்த அந்தப் பலம் ஹேண்டில் வழியாக உள்ளங்கைக்கு ஏறியது. இவள் மாலை பஸ் ஏறிப் போய்விட்டால், நாளைக்கு அந்தப் பெரிய ஸ்கூலுக்குச் சரி என்று சொல்லிவிட்டால், மறுபடி இதைக் கையால் தோண்டத்தான் வேண்டும். சாகும்வரைக்கும்.

என்ஜின் அணைந்துவிட்டது. அவன் அதை மறுபடி கிளப்பவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னாச்சு?" என்றாள் அவள் மூச்சு வாங்க.

"தேவயானி."

அவன் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினான். அலை ஒன்று வந்து இரண்டு பேர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. செருமினான். மறுபடி செருமினான். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேக்கப் போறது நியாயமா இல்லயான்னு எனக்குத் தெரியல. அது பெரிய ஸ்கூலுதான். இங்க கரண்ட் நிக்காது, தண்ணி உப்பு, டாக்டருக்கு நாயுடுபேட்டைக்குப் போவணும். நீ வேணாம்னு சொன்னா கோவிச்சிக்க மாட்டேன், சத்தியமா. எங்கம்மாகிட்ட, உங்கப்பாகிட்ட, யார்கிட்ட பேசணுமோ நானே பேசறேன். ஆனா உன்கிட்ட மொதல்ல கேக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடிலர்ந்தே கேக்கணும்னு இருக்கேன்." அவன் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டான். "வடமாலபேட்டைக்குப் போவாத. இங்க வந்துடு. என்கூட இரு, தேவயானி. எனக்கு நீ வேணும்."